சிறுநீரக நோய் உள்ள தந்தைக்கு எந்த கேக் பொருந்தும்?

கேள்வி – செவ்வாய்ப்பேட்டை வாசகி

என் தந்தைக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் நான்காம் நிலையில் உள்ளது. சர்க்கரை நோய் இல்லை. கடைசிப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.4 என்று வந்தது. கிறிஸ்துமஸை ஒட்டி ஏற்காட்டில் உள்ள என் தங்கை வீட்டிற்குச் செல்கிறோம். கடைப் பிளம் கேக்கிற்கு மாற்றாக, கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, முந்திரி ஆகியவற்றைச் சேர்த்து நானே கேக் செய்து எடுத்துச் செல்லலாமா?

பதில் – உணவியல் ஆலோசகர், சேலம்

அம்மா, பொதுவாக உடலுக்கு நல்லவை என்று நாம் தேர்ந்தெடுக்கும் பொருள்களே தங்கள் தந்தைக்குப் பொருந்தாதவையாக உள்ளன. இரத்தத்தில் பொட்டாசியம் பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்ட நிலையில், பொட்டாசியம் மிகுந்த நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சையும் முந்திரியும் ஒரே துண்டில் சேர்வது நல்லதன்று. வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் அநேகமாக இல்லை. மைதாவிலும் முழுக்கோதுமையைவிடக் குறைவு. மைதாவை நான் பரிந்துரைக்கும் இடம் இது ஒன்றுதான்.

பொட்டாசியத்தைப் போலவே பாஸ்பரஸையும் பழுதான சிறுநீரகத்தால் சரிவர வெளியேற்ற முடியாது. இதில் பலரும் கவனிக்காதது பேக்கிங் பவுடர். தானியங்களில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. பேக்கிங் பவுடரில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் முழுமையாக உறிஞ்சப்படுகின்றன. பொட்டலத்தில் பாஸ்பரஸ் அளவை அச்சிடுவது அரிது என்பதால், சேர்மானப் பட்டியலில் இந்த உப்புகளைக் குறிக்கும் 341, 450, 541 ஆகிய எண்களைத் தேடுங்கள். அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவைத் தாராளமாகப் போடவும் கூடாது. ஒரு தேக்கரண்டிச் சோடாவிலேயே ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ளது, அவருக்கான நாள் வரம்போ பொதுவாக 2,000க்குள்தான்.

பதில் – ஏற்காட்டில் பேக்கரி நடத்துபவர்

பவுடரே இல்லாமல் கேக் செய்யலாம். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் சர்க்கரையுடன் நுரை பொங்க அடித்து, சலித்த மைதாவை மெதுவாகக் கலந்து சுட்டால் பஞ்சுபோல் எழும்பும். வாசனைக்கு வெனிலாவோ ஏலக்காயோ போதும். பிளம் கேக் கேட்பவருக்கு இது சப்பென்றுதான் இருக்கும், அதை மறைப்பானேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மஞ்சள் கருவை ஏன் விலக்க வேண்டும்? நம் ஊர் ஜவ்வரிசியைப் பயன்படுத்தலாமா?

பதில் – உணவியல் ஆலோசகர், சேலம்

முட்டையின் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் உள்ளது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு என்பதால், அதைப் பொடித்து மைதாவுடன் சிறிது கலக்கலாம். தந்தைக்குப் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எழுதித் தந்திருந்தால், அது உணவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஆகவே மாலைத் தேநீருடன் தராமல், மாத்திரை போடும் மதிய உணவை ஒட்டிச் சிறு துண்டாகக் கொடுங்கள். புறப்படும் முன் பொட்டாசியம் அளவை மருத்துவரிடம் மீண்டும் காட்டிவிடுங்கள்.