ஷியா வெண்ணெய்: சுத்திகரித்ததா, சுத்திகரிக்காததா? உங்கள் அனுபவம் என்ன?

வறண்டகை:
ஆய்வுக்கூட வேலை எனக்கு. நாள் முழுவதும் கை கழுவுவதும் கையுறை மாட்டுவதும்தான். குளிர் தொடங்கினால் விரல் மூட்டுகளில் தோல் வெடித்து, சோப்பு பட்டாலே எரியும். உடன் பணிபுரிபவர் ஒருவர் சுத்திகரிக்காத ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) ஒரு டப்பா கொடுத்தார். மூடியைத் திறந்ததும் புகை மணம், கூடவே வறுத்த கொட்டையின் வாசனை. நிறம் மங்கலான தந்தம். உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடுகிறது. இரவில் தடவி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுத்ததில் வெடிப்புகள் அடங்கின. பகலில்தான் சிக்கல். “எங்கேயோ எதுவோ கருகுகிறதே?” என்று பக்கத்து மேசைக்காரர் எழுந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு வெள்ளை வெளேரென்று, மணமே இல்லாத சுத்திகரித்த வகையை வாங்கினேன். என் கைக்கு இரண்டும் ஒரே பலனைத்தான் தருவதாகத் தோன்றுகிறது. “சுத்திகரித்ததில் சத்தே இருக்காது, வெறும் மெழுகு” என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

களிம்புக்காரன்:
“சத்தே இல்லை” என்பது மிகை. சோப்பும் களிம்பும் நானே தயாரிக்கிறேன். இரண்டு வகையும் எப்போதும் என் அலமாரியில் இருக்கும்.

ஷியா கொழுப்பில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம் ஸ்டியரிக், ஒலியிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள்தான். முன்னது கெட்டித்தன்மை தருகிறது, பின்னது வழுவழுப்பு. தோலின் ஈரம் வெளியேறாமல் மூடி நிற்பது இந்தக் கொழுப்புப் படலம். சுத்திகரிப்பு இதில் பெரிதாகக் கைவைப்பதில்லை. ஆகவே உங்கள் கைக்கு வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை.

போவது வேறு. ஆலையில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்து, கொழுப்போடு பிணையாமல் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களை நீக்குவார்கள். வெளுக்கும் களிமண்ணோடு கலந்து வடிகட்டி நிறத்தை எடுப்பார்கள். கடைசியில் வெற்றிடத்தில் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ சூடாக்கி, நீராவியைச் செலுத்தி மணத்தை விரட்டுவார்கள். இத்தனையிலும் வைட்டமின் ஈ-யில் ஒரு பங்கு கழன்றுவிடுகிறது. காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறாத ஒரு பகுதி எல்லாக் கொழுப்பிலும் உண்டு; பல தாவர எண்ணெய்களில் அது 1 சதவீதத்தைச் சுற்றியே இருக்க, ஷியாவில் அதைப்போலப் பல மடங்கு. அழற்சியைத் தணிக்கும் குணம் ஷியாவுக்கு உண்டு என்று பேசப்படுவதெல்லாம் இந்தப் பகுதியை வைத்துத்தான். சுத்திகரிப்பில் இது குறையும், ஆனால் துடைத்தெடுத்ததுபோல் போய்விடாது. தவிர, “சுத்திகரித்தது” என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ தரம் இருக்கிறது. வடிகட்டி மணத்தை மட்டும் நீக்கியதும் அதற்குள் அடங்கும், ஹெக்சேன் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்து எல்லாப் படிகளையும் கடந்து வந்ததும் அடங்கும். எந்த முறை என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

சோப்புக்குச் சுத்திகரிக்காததைக் கொட்டுவது வீண் என்பது என் கட்சி. பெரும்பகுதியைக் காரம் சோப்பாக்கிவிடும், மிச்சம் இருப்பதையும் கழுவி விடுகிறோம். தோலிலேயே தங்கப்போகும் களிம்புக்கு நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுருள்முடி:
முடிக்கு என் வாக்கு சுத்திகரித்ததற்கு. காரணம் மணம். தோலில் தடவினால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும் புகை வாசனை, முடியில் அடுத்த முறை அலசும்வரை போகாது. தலையணையிலும் ஏறும். சுத்திகரித்ததில் இரண்டு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டால் லாவெண்டர் மணக்கிறது. மற்றதில் விட்டால் லாவெண்டர் தோட்டத்தில் தீப்பிடித்த மாதிரி!

என் முடி அடர்ந்த சுருள், நுனியெல்லாம் வறட்சி. ஷியா வெண்ணெய் முடிக்குள் ஊடுருவி ஊட்டம் தருகிறது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சிறியது, நீண்டு நேரானது, ஆகையால் முடியிழைக்குள் போகிறது. ஷியா பெரும்பாலும் மேலேயே படிந்து நிற்கும். அதுவும் பயன்தான்: உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும். உலர்ந்த முடியில் தடவினால் காப்பதற்கு ஈரமே இருக்காது. அலசிய பின் சொட்டுவது நின்றதும், பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே முழுக்க உருக்கி, நுனியிலிருந்து மேலே பாதி வரை மட்டும் தடவுகிறேன்.

என் தங்கையின் முடி மெலிந்தது, நேரானது. அவளுக்கு இதே அளவு தடவினால் பல நாள் குளிக்காதவள்போல் ஆகிவிடுகிறது. அவளுக்கு எந்த வகையும் ஒத்துவராது.

பொடுகுவாசி:
உச்சந்தலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பொடுகு இருப்பவர்கள் வேர்க்கால்களில் தடவாதீர்கள், எந்த வகையானாலும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது. வறட்சி என்று நினைத்துத் தடவத் தடவ எனக்கு அரிப்பு ஏறியது. தோல் மருத்துவர் எல்லா எண்ணெய்ப் பூச்சையும் நிறுத்தச் சொல்லி மருந்து ஷாம்பு கொடுத்தார். நின்றது.

எண்ணெய்முகம்:
முகத்துக்கும் பார்த்து. தோலின் துளைகளை அடைப்பதில் ஷியாவுக்கு 5-க்கு 0 முதல் 2 தான் என்று ஒரு மதிப்பெண் பட்டியல் சுற்றுகிறது. அத்தகைய மதிப்பெண்கள் பெரும்பாலும் முயலின் காதில் செய்த பழைய சோதனைகளிலிருந்து பிறந்தவை. என் கன்னம் முயலின் காது இல்லை என்பதைப் பருக்கள் தெரிவித்தன.

மகனின் அம்மா:
என் மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே எக்சிமா என்ற தோல் அழற்சி. “இயற்கையானது எதுவோ அதைத் தடவலாமா” என்று மருத்துவரிடம் கேட்டேன். மணமில்லாதது, சேர்க்கைப் பொருள்கள் குறைந்தது எதுவோ அதைத் தடவுங்கள் என்றார். அந்தக் கணக்கில் எங்களுக்கு அமைந்தது சுத்திகரித்ததுதான். முதலில் முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிக் காத்திருந்து பார்த்தோம். இப்போது குளித்தவுடன், தோல் ஈரமாக இருக்கும்போதே தடவுகிறேன். ஷியாவில் தண்ணீர் கிடையாது. இருக்கும் ஈரத்தைத்தான் அது காக்கும். அழற்சி கிளம்பும் நாளில் மருத்துவர் எழுதித்தந்த களிம்பு முதலில், இது அதற்குப் பின்னால். மருந்துக்கு மாற்றாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையானால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சவன்னாப் பயணி:
வேலை நிமித்தமாக வடக்குக் கானாவில் தமலே நகரில் இருந்தபோது, பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் ஷியா எடுப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. செனகலிலிருந்து தெற்கு சூடான், உகாண்டா வரை நீளும் சவன்னா என்ற புல்வெளிப் பட்டையில் வளரும் மரம் இது. நட்டால் காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால் வரிசையாக நட்ட தோப்பு என்று எதுவும் கண்ணில் படவில்லை. வயல்களுக்கு நடுவே வெட்டாமல் விட்டுவைத்த மரங்கள்தான். உதிர்ந்த பழத்தைப் பெண்கள் பொறுக்கி வருகிறார்கள். கொட்டையை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள். பருப்பை நொறுக்கி விறகடுப்பில் வறுத்து அரைத்தால் சாக்லேட் நிறத்தில் ஒரு விழுது. அதில் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துப் பிசைகிறார்கள், தோள் வரை வேலை செய்கிறது. பழுப்பு விழுது மெல்ல மெல்ல வெளுத்து, கொழுப்பு நுரைபோல் மேலே ஒதுங்கும். அதை வழித்துக் கழுவி, நீர் வற்றக் காய்ச்சி வடிகட்டினால் வெண்ணெய்.

வறண்டகை சொன்ன அந்தப் புகை மணம் இந்த வறுப்பிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வருவது. ஊருக்கு ஊர், அடுப்புக்கு அடுப்பு அது மாறும். அங்கே நின்று பிசைவதைப் பார்த்தபின் எனக்கு அந்த மணம் பிடித்துப்போய்விட்டது, ஆகையால் என் பேச்சு ஒருதலைப்பட்சம்தான். நிறத்தை வைத்து ஏமாறாதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பளிச்சென்ற மஞ்சள் என்றால் அசல் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஒருவகை வேரைச் சேர்த்து அந்த மஞ்சளை வரவழைக்கும் வழக்கமும் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்று: வெளிநாடுகளுக்குப் போகும் ஷியாவில் பெரும்பகுதி முகத்துக்குப் போவதில்லை, வாய்க்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு விதிப்படி, சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கப்பட்ட ஆறு தாவரக் கொழுப்புகளில் ஷியாவும் ஒன்று.

களிம்புக்காரன்:
பயணி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீர் முழுக்க வற்றாமலோ, பூஞ்சை பிடித்த கொட்டையிலிருந்தோ எடுத்த சுத்திகரிக்காத வெண்ணெய் சீக்கிரம் காறல் அடிக்கும். புகை மணம் வேறு, காறல் வேறு. புகை மணம் மூக்கில் நிற்கும். காறல் தொண்டையில் இறங்கும், பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. அது வந்துவிட்டால் “சுத்திகரிக்காதது, உயர்ந்தது” என்ற பெருமைக்கு மதிப்பில்லை. எரிச்சலுள்ள தோலில் அதைத் தடவுவதைவிடப் புதிதாக வந்த சுத்திகரித்த வகையே மேல். எது வாங்கினாலும் முதலில் தேதியைக் கேட்கிறேன், வகையை அதற்குப் பிறகுதான். வாங்கியதை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், ஈரக்கையை விடாதீர்கள்.

வெயிலுக்கு இதையே தடவிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு: ஷியாவில் உள்ள சின்னமிக் அமில எஸ்டர்கள் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். சன்ஸ்கிரீன் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வறண்டகை:
நன்றி, எல்லோருக்கும். டப்பாவை மறுபடி முகர்ந்து பார்த்தேன். புகைதான், காறல் இல்லை. பகலில் வெள்ளை, இரவில் புகை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: வெள்ளை வகையை ஒருமுறை வெயிலில் விட்டு உருகி மறுபடி உறைந்ததிலிருந்து குருணை குருணையாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

களிம்புக்காரன்:
கெடவில்லை. மெதுவாக ஆறும்போது ஸ்டியரிக் மிகுந்த பகுதி முந்திக்கொண்டு உறைந்து மணிகளாகிவிடுகிறது. வெந்நீரில் பாத்திரத்தை வைத்துக் கடைசி மணி கரையும்வரை உருக்குங்கள். சிறு டப்பாக்களில் ஊற்றி உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பெரிய டப்பாவாக இருந்தால் நடுப்பகுதி மெதுவாகத்தான் ஆறும், அங்கே மறுபடி மணி கட்டும்.