24 இஞ்ச் கேஸ் லைனுக்கு 36 மி.மீ. தடிமன் வருது, எங்க தப்பு பண்றேன்?

புதுக்குழாய்:
வணக்கம். டிசைன் ஆபீஸில் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. இதுவரை ரிஃபைனரி பைப்பிங் பார்த்தேன், இப்போ முதல் தடவையா கிராஸ்-கன்ட்ரி கேஸ் லைன். வெளிவிட்டம் 610 மி.மீ., எக்ஸ்65 (ஸ்டீல் கிரேடு), டிசைன் பிரஷர் 92 பார், லொகேஷன் கிளாஸ் (சுத்தி எவ்வளவு குடியிருப்புன்னு சொல்ற வகை) 3.

அலவபிள் ஸ்ட்ரெஸ் (ஸ்டீலுக்கு அனுமதிக்கிற உச்ச ஸ்ட்ரெஸ்) 177 மெகாபாஸ்கல்னு டேபிளில் எடுத்தேன். கிளாஸ் 3க்கு 0.5ஆல் பெருக்கினா 88.5. பார்லோ ஃபார்முலாவில் (பிரஷரை வச்சு தடிமன் கண்டுபிடிக்கிறது) போட்டா 31.7 மி.மீ. மில் டாலரன்ஸ் (தயாரிப்பில் தடிமன் குறையலாம்னு விடுற இடம்) 12.5% சேர்த்தா 36.2. பழைய டிராயிங்கில் இதே லைனுக்கு 12.7 மி.மீ.னு இருக்கு. சீனியர் பார்த்துட்டு சிரிச்சார், காரணம் சொல்லல. எங்க தப்பு?

ஃபிளேஞ்ச்_மாமா:
வெளிவிட்டத்துக்குப் பதிலா உள்விட்டம் போட்டுட்டீங்களா?

புதுக்குழாய்:
இல்லீங்க, 610 வெளிவிட்டம்தான். அதை மாத்திப் போட்டாலும் இவ்வளவு வித்தியாசம் வராதே.

மண்ணுக்கடியில்:
தம்பி, அந்த 177 எந்தப் புத்தகத்தில் எடுத்தீங்க? பி31.3ல தானே? அது பிளான்ட் பைப்பிங் கோடு. எக்ஸ்65ஓட டென்சைல் ஸ்ட்ரெங்த்தை (அறுந்து போற அளவு) மூணால் வகுத்தா வர்ற எண் அது. பாதுகாப்புக்கான குறைப்பு ஏற்கெனவே அதுக்குள்ள இருக்கு. அது மேல கிளாஸ் ஃபேக்டரையும் போட்டா ஒரே பாதுகாப்பை ரெண்டு தடவை வாங்கின மாதிரி.

கேஸ் டிரான்ஸ்மிஷன் லைனுக்கு பி31.8. அதில் அப்படி ஒரு அலவபிள் டேபிளே கிடையாது, தேடாதீங்க. ஃபார்முலாவில் 'எஸ்'னு இருக்கிறது முழு ஈல்டு (ஸ்டீல் நிரந்தரமா நீள ஆரம்பிக்கிற ஸ்ட்ரெஸ்), அதாவது எஸ்எம்ஒய்எஸ். எக்ஸ்65க்கு 450 மெகாபாஸ்கல். குறைக்கிற வேலை முழுக்க டிசைன் ஃபேக்டரோடது:

தடிமன் = பிரஷர் × வெளிவிட்டம் ÷ (2 × ஈல்டு × டிசைன் ஃபேக்டர் × ஜாயின்ட் ஃபேக்டர் × டெம்பரேச்சர் ஃபேக்டர்)

எஸ்ஏடபிள்யூ (சப்மெர்ஜ்ட் ஆர்க் வெல்டிங்) பைப்புக்கு ஜாயின்ட் ஃபேக்டர் 1. டெம்பரேச்சர் ஃபேக்டரும் 121 டிகிரி வரைக்கும் 1 தான். 9.2 × 610 ÷ (2 × 450 × 0.5) = 12.47. அடுத்த ஸ்டாண்டர்ட் தடிமன் 12.7. உங்க டிராயிங் சரி.

வெல்டு_சீம்:
அந்த 12.5%-ஐயும் விடுங்க. அது சீம்லெஸ் பைப் கணக்கு, 24 இஞ்ச் எக்ஸ்65 பெரும்பாலும் வெல்டட்தான் வரும். அதைவிட முக்கியம், தடிமன் குறைவா வர்றதுக்கான இடத்தை டிசைன் ஃபேக்டரிலேயே சேர்த்தாச்சுன்னு பி31.8 சொல்லுது. ஃபார்முலாவில் வர்றது நாமினல் தடிமன். கொரோஷன் அலவன்ஸ் (அரிப்புக்கான கூடுதல் தடிமன்) கிளையன்ட் கேட்டா மட்டும் தனியா சேருங்க.

புதுக்குழாய்:
ஓ... ரெண்டு கோடையும் கலந்து வச்சிருக்கேன். ஆனா ஒரு பயம். கிளாஸ் 1ல 0.72 போட்டா ஈல்டுல 72% வரைக்கும் ஹூப் ஸ்ட்ரெஸ் (குழாயைச் சுத்தி வர்ற இழுவை) போகுதே. ரிஃபைனரியில் 177ஐயே தாண்ட விட மாட்டாங்க. இங்க 324ஆ?

மண்ணுக்கடியில்:
பயம் நியாயம்தான். பிளான்ட்ல குழாய் அடிக்கடி சூடாகும், ஆறும். பத்தடிக்கு ஒரு எல்போ, பம்ப் நாசில், பக்கத்துலயே ஆட்கள். வயல்ல போற லைன் பெரும்பாலும் நேரா போகுது, மண் அதைப் பிடிச்சிருக்கு, தண்ணி ஏத்தி டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கேஸ் விடுவாங்க. நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு 36 மி.மீ. பைப் வாங்க யாருகிட்ட காசு இருக்கு?

ஆள் கூடக் கூட ஃபேக்டர் இறங்கும்: கிளாஸ் 2க்கு 0.6, 3க்கு 0.5, மாடிக்கட்டடம் நெருங்கி நிக்கிற 4க்கு 0.4. லைனுக்கு ரெண்டு பக்கமும் 200 மீட்டர், நீளத்துக்கு ஒரு மைல், அதுக்குள்ள எத்தனை வீடுன்னு எண்ணித்தான் கிளாஸ் முடிவாகும். 46 வீடோ அதுக்கு மேலயோ இருந்தா கிளாஸ் 3. இன்னைக்கு வயலா இருக்கிறது நாளைக்கு பிளாட் போட்டு வித்துடுவாங்க, அதனால ரூட் சர்வே ரிப்போர்ட்டை மட்டும் நம்பிடாதீங்க.

வெல்டு_சீம்:
தடிமன் கிடைச்சதோட நிறுத்திடாதீங்க. லாங்கிடியூடினல் (நீளவாக்கு) ஸ்ட்ரெஸ் பாருங்க. 12.7 மி.மீ.க்கு ஹூப் 221. புதைச்ச லைன்ல அதில் 0.3 பங்கு இழுவையா வரும், 66. டை-இன் (லைனை இணைக்கிற நேர வெப்பநிலை) 30 டிகிரி, டிசைன் 60 டிகிரின்னா வெப்பத்தால வர்ற அமுக்கம் சுமார் 71. ரெண்டும் கிட்டத்தட்ட கழிஞ்சு, 5 அமுக்கம்தான் மிச்சம். ஹூப் இழுவை, இது அமுக்கம், அதனால சேர்த்தாலும் 226 தான், லிமிட் ஈல்டுல 90%, அதாவது 405. உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

புதுக்குழாய்:
கணக்கு போட்டுப் பார்த்தேன், எனக்கும் 226 வருது. ரொம்ப நன்றி. வால்வ் ஸ்டேஷன்ல தரைக்கு மேல வர்ற துண்டுக்கும் இதே 405 தானா?

மண்ணுக்கடியில்:
இல்லை. மண் பிடிக்காத இடத்தில் லாங்கிடியூடினல் லிமிட் ஈல்டுல 75%. வெப்ப விரிவுக்கு எக்ஸ்பான்ஷன் ஸ்ட்ரெஸ்னு தனி செக் இருக்கு. அந்த அலவபிளுக்குள்ள டென்சைல்ல 0.33 பங்கு வரும். எக்ஸ்65க்கு கிட்டத்தட்ட 177. நீங்க எடுத்த எண்ணுக்கு அங்கதான் வேலை, அழிச்சிடாதீங்க.