ராலே பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: நீலச் சட்டை வாங்குமுன் ஒரு வார்த்தை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் வந்து இறங்கியவர்கள் வாடகை, லைசென்ஸ், மளிகைக் கடை பற்றியெல்லாம் இங்கே விசாரித்துவிட்டீர்கள். கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நவம்பரில் சீசன் தொடங்கினால் ஏப்ரல் முதல் வாரம் வரை ஆபீஸில் பாதிப் பேச்சு அதுதான்.

முதலில் நிறம். வெளிர்நீலம் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம். கருநீலம் டர்ஹமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகம். சிவப்பு ராலேயிலேயே இருக்கும் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகம். முதல் இரண்டுக்கும் நடுவே பத்து மைல்தான், ஆனால் பங்காளிச் சண்டை. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு நீலத்தை எடுத்துக்கொண்டு வந்தால் நீங்கள் கட்சி சேர்ந்ததாகவே அர்த்தம்.

சேப்பல் ஹில் கதை கொஞ்சம் தெரிந்தால் பேச்சில் கலந்துகொள்ளலாம். 1957-இல் ஆடிய 32 ஆட்டத்திலும் வென்று தேசியச் சாம்பியன். இறுதிப் போட்டியில் எதிரே கான்சாஸ் அணி, அதில் ஏழடி வில்ட் சேம்பர்லின். மூன்று முறை கூடுதல் நேரம் போய் 54-53. முந்தின இரவு அரையிறுதியும் அப்படித்தான், மூன்று கூடுதல் நேரம்! அப்புறம் 1982. முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன் கடைசி விநாடிகளில் போட்ட கூடையால் ஜார்ஜ்டவுனை 63-62 என்று வென்றார்கள். அதன்பின் 1993, 2005, 2009, 2017 என்று இன்னும் நான்கு முறை சாம்பியன்.

இங்கே ஆட்டக்காரர்களைவிடப் பெரிய பெயர் கோச் டீன் ஸ்மித். 1961 முதல் 1997 வரை 879 வெற்றி. ஆரம்பத்தில் அணி தோற்றபோது மாணவர்களே அவர் உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். இன்று அரங்கமே அவர் பெயரில். கூடை போட்டவர் உடனே பாஸ் கொடுத்தவரை நோக்கி விரல் நீட்டுவதைக் கவனியுங்கள், அவர் பழக்கிவிட்டது. 2015-இல் அவர் காலமானபின், தம்மிடம் ஆடிய ஒவ்வொருவருக்கும் 200 டாலர் செக் போகும்படி உயிலில் எழுதியிருந்தது தெரியவந்தது. வெளியே போய் ஒருவேளை நன்றாகச் சாப்பிடுங்கள் என்று! எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது இதனால்தான், வெற்றிக் கணக்கால் அல்ல.

2022 பற்றி டியூக் ஆட்களிடம் வாயைத் திறக்காதீர்கள். 42 வருடம் கோச்சாக இருந்த ஷஷெஃப்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் வந்து ஜெயித்தது வட கரோலினா. அடுத்த மாதம் தேசியப் போட்டியின் அரையிறுதியில் 81-77 என்று மறுபடியும் ஜெயித்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதற்கடுத்த சீசனை இதே வட கரோலினா நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் தொடங்கி, மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போன 68 அணிகளில்கூட இடம் பிடிக்கவில்லை. அதை டியூக் ஆட்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

சரி, நேரில் பார்க்க வேண்டுமா? சேப்பல் ஹில்லில் டியூக்குடன் நடக்கும் ஆட்டத்துக்கு டிக்கெட் விலை கேட்டால் மயக்கம் வரும். நவம்பர், டிசம்பரில் சின்னக் கல்லூரிகளுடன் ஆடும்போது போங்கள். அரங்கில் 21,000 பேருக்குமேல் உட்காரலாம், குழந்தைகளோடு போக அதுதான் வசதி. டியூக்கை ஜெயித்த இரவில் மட்டும் சேப்பல் ஹில் ஃபிராங்க்ளின் தெருப் பக்கம் காரை எடுக்காதீர்கள், மாணவர் கூட்டம் ரோட்டை அடைத்துவிடும்.

டியூக்கில் முதுகலையோ பிஎச்டியோ சேர்ந்தவர்களுக்கு வேறு வழி. செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு வார இறுதி முழுக்கக் கூடாரத்தில் தங்கி, கூப்பிடும்போதெல்லாம் ஆஜர் கொடுத்தால் சீசன் டிக்கெட் குலுக்கலில் உங்கள் பெயர் சேரும். நள்ளிரவிலும் கூப்பிடுவார்கள், தனியாகப் போகாமல் நண்பர்களோடு போங்கள்.

மார்ச்சில் ஆபீஸில் பிராக்கெட் தாளை, அதாவது தேசியப் போட்டியின் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே ஊகித்து நிரப்பும் தாளை, கொடுத்தால் மறுக்காமல் நிரப்பிக் கொடுங்கள். ஆட்டம் தெரிந்தவர்தான் ஜெயிப்பார் என்று ஒன்றும் இல்லை.