பர்மாவின் 45, 90 கியாட் நோட்டுகள்: ராசி நம்பர் ஒன்பது என்ற கதையை எதுவரை எழுதலாம்?

பழையநோட்டு கேட்டது:

நாணயக் கண்காட்சிக்காக பர்மா நோட்டுகளை ஒரு தட்டியில் அடுக்குகிறேன். 75, 15, 35, 45, 90 கியாட் ஐந்தும் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலைந்து வரிக் குறிப்பு எழுத வேண்டும். அன்றைய பர்மா ஆட்சியாளர் நே வின்னுக்கு ராசி எண் ஒன்பது; 4+5=9, 9+0=9; அதனால்தான் இப்படி நோட்டு அடித்தார் என்று எங்கு பார்த்தாலும் ஒரே வரிதான். அதை அப்படியே எழுத மனம் வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை: ஒன்பது சம்பந்தம் எந்த நோட்டுக்கு உண்டு, எதற்கு இல்லை? நாடு நொடிந்ததற்கு இந்த எண் காரணம் என்று எழுதினால் சரியாகுமா? 18, 27 என்று தேதிகளையும் சேர்த்துச் சொல்கிறார்களே, அதில் பொருள் இருக்கிறதா? கூடவே, 90 கியாட்டை 9-ஆல் வகுபடும் வரிசை எண் என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

இரங்கூன்துறை எழுதியது:

முதலில் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான்.

1962 மார்ச் 2: ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிக்கிறார். 1964 மே 17: 50, 100 கியாட் செல்லாது என்று அறிவிப்பு. 1985 நவம்பர் 3: மறுபடியும் பெரிய நோட்டுகள் செல்லாது, ஆனால் ஓர் அளவு வரை மாற்றிக்கொள்ள விட்டார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 10 அன்று 75 கியாட் வருகிறது. 1986 ஆகஸ்ட் 1: 15, 35. 1987 செப்டம்பர் 5: 25, 35, 75 மூன்றும் செல்லாது. 1987 செப்டம்பர் 22: 45, 90.

இதில் ஒன்பது சம்பந்தம் கடைசி இரண்டுக்கு மட்டும்தான். 75-ஐக் கூட்டினால் 12, பிறகு 3. 35 என்றால் 8, 15 என்றால் 6. 75 வந்ததற்குச் சொல்லப்படும் காரணம் நே வின்னின் 75-ஆம் வயது. அவர் பிறந்த ஆண்டையே 1910, 1911 என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்பதால், அந்தக் குறிப்பில் "என்று சொல்லப்படுகிறது" என்ற சொற்கள் கட்டாயம் வேண்டும்.

45, 90 விஷயத்தில் அரசு எந்த விளக்கமும் தரவில்லை. ஆனால் இரண்டுமே ஒன்பதின் மடங்கு, இரண்டுமே ஒரே நாளில் வந்தவை, அவருடைய ஒன்பது பிடிப்பு நாடறிந்தது. எனவே "ஒன்பதின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையால் தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பரவலாகக் கருதப்படுகிறது" என்று எழுதுங்கள், போதும். டால்பின் ரத்தத்தில் குளித்தார், பாலத்தில் பின்பக்கமாக நடந்தார் என்பதெல்லாம் ஊர்ப்பேச்சு. அட்டையில் அதற்கு இடம் வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். அழிவு செப்டம்பர் 22-இல் வந்த நோட்டில் இல்லை, செப்டம்பர் 5-இல் வந்த அறிவிப்பில் இருக்கிறது. மாற்றிக்கொள்ள அவகாசம் கிடையாது, ஈடு கிடையாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் முக்கால் பங்கு அன்றைக்கே காகிதமானது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் கொடுமை அது வந்த நேரம். செப்டம்பர் 1 அன்றுதான் அரிசி உள்ளிட்ட விளைபொருள் வியாபாரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். இனி தாராளமாக வாங்கலாம், விற்கலாம் என்று மக்கள் ரொக்கத்தைக் கையில் எடுத்த நாலாம் நாள் அந்த ரொக்கம் செத்தது. கள்ளச்சந்தைக்காரர்களையும் கிளர்ச்சிப் படைகளையும் முடக்கத்தான் என்றார்கள். ஆனால் பெரிய வியாபாரி தங்கத்திலும் சரக்கிலும் வைத்திருந்தான். அரிசிப் பானைக்குள் நோட்டாகச் சேர்த்தவன்தான் மாட்டினான். பரீட்சைக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருந்த பணம் போனதில்தான் இரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கல்லூரிகளை மூடினார்கள். அதே டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே 45-க்குக் கீழே ராசி எண், 75-க்குக் கீழே பணம் போன கதை. இரண்டையும் ஒரே வரியில் கட்டாதீர்கள்.

கணக்குவாத்தியார் எழுதியது:

தேதி விஷயத்துக்கு வருகிறேன். 9, 18, 27 என்று ஒவ்வொரு மாதமும் மூன்று நாள். வருஷத்துக்கு 36 நாள், அதாவது பத்தில் ஒன்று. "நாளைக் கூட்டினால் 9 வராவிட்டால், நாள், மாதம், வருஷம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்" என்று இன்னொரு விதியைச் சேர்த்தால் ஐந்தில் ஒரு நாள் தேறிவிடும். "செப்டம்பர் என்றாலே ஒன்பது" என்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய நாலு நாளுக்கு ஒரு நாள் ஒன்பது. இவ்வளவு அகலமான வலையில் மீன் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரங்கூன்துறை கொடுத்த தேதிகளையே போட்டுப் பாருங்கள். ஆட்சிப் பிடிப்பு 2-3-1962: மொத்தம் 23, அதாவது 5. முதல் நோட்டு ஒழிப்பு 17-5-1964: 33, 6. அந்த 45, 90 நோட்டுகளே வெளிவந்த நாள் 22-9-1987: மொத்தம் 38, பிறகு 11, பிறகு 2. நோட்டுக்கு ஒன்பது பார்த்தவர் அதை வெளியிட்ட நாளுக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. மாதம் செப்டம்பர் என்று சொல்லிச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். மாறாக, சுதந்திர நாள் 4-1-1948: மொத்தம் 27, ஒன்பது. ஆனால் அதற்கும் நே வின்னுக்கும் தொடர்பில்லை. விடிகாலை 4:20 என்று முகூர்த்தம் குறித்தது ஜோதிடர்கள்தான். அவர்கள் பார்த்தது கிரக நிலை. ராணுவ தினமான மார்ச் 27-உம் 1945-இல் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பிய நாள். அதை யாரும் எண் பார்த்து வைக்கவில்லை.

18-9-1988 ராணுவப் புரட்சி, 27-5-1990 தேர்தல் இரண்டும் கொஞ்சம் யோசிக்க வைப்பவை. தேர்தல் தேதி உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது. எனவே வேண்டுமென்றே 27 வைத்திருக்க இடமுண்டு. நிரூபணம் இல்லை. தட்டியில் எழுதாமல் விடுவதே நல்லது.

ஒன்பதின் மடங்கைக் கூட்டினால் ஏன் ஒன்பதே வருகிறது என்று பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. நூறுக்கும் ஆயிரத்துக்கும் அதே மீதி 1. அதனால் ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்த மீதியும், அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்த மீதியும் ஒன்றாகவே இருக்கும். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் ஒன்பதுக்குக் கிடைத்த பெருமை அது. எட்டெட்டாக எண்ணியிருந்தால் ஏழுக்குப் போயிருக்கும்.

சில்லறைக் கணக்கையும் ஒரு வரி போடுங்கள். 45, 90 என்றால் கடைக்காரர் திணறியிருப்பார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முழுக்கச் சரியில்லை. 15 கியாட் ஒழியாமல் நின்றது. 15 மூன்று சேர்ந்தால் 45, 45 இரண்டு சேர்ந்தால் 90. 100-க்கு 90+10, 60-க்கு 45+15. இடறுவது 80-இல்: 45+15+10+10 என்று நாலு நோட்டு. பெரிய தொகையில்தான் உண்மையான தொல்லை. 90-க்கு மேல் நோட்டே இல்லாததால் ஆயிரம் கியாட்டுக்குப் பதினொரு 90-உம் ஒரு பத்தும். ஒரு லட்சத்துக்கு 1,111 தொண்ணூறும் ஒரு பத்தும் எண்ண வேண்டும். 1990-களில் 200-உம், பிறகு 50, 100, 500-உம் வந்தபின்தான் அது தீர்ந்தது.

வரிசை எண்ணுக்கு இதே கணக்குதான். எந்தக் கட்டை எடுத்தாலும் ஒன்பதில் ஒரு நோட்டு 9-ஆல் வகுபடும். நூறு நோட்டுக் கட்டில் 11 அல்லது 12. அதில் அரிது எதுவும் இல்லை. சாதாரண விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மொய்தீன்துறை எழுதியது:

ஒன்பது நே வின் கண்டுபிடித்ததில்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன். பர்மிய பௌத்த வீடுகளில் நோய், கண்டம் என்றால் "ஒன்பது புத்தர்" பூசை வைப்பார்கள். நடுவில் புத்தர், சுற்றி எட்டு அரஹந்தர் (ஞானம் அடைந்த சீடர்கள்). கூடவே கிரகங்கள். நம் நவகிரகம்தான், ஆனால் அமைப்பு வேறு. அங்கே வாரத்துக்கு எட்டு நாள்: புதன் காலை புதனுக்கு, புதன் பிற்பகல் ராகுவுக்கு. எட்டும் எட்டுத் திசையில் நிற்கும். ஒன்பதாவதான கேதுவுக்கு நாளும் இல்லை, திசையும் இல்லை, இடம் நடுவில். இதனால்தான் ஒன்பது அவர்களுக்கு எல்லாவற்றையும் அடக்கும் எண். நம் ஊர் எண்கணிதத்தில் 9 என்றால் செவ்வாய் என்பார்களே, அதை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் தப்பு.

கெட்டதைத் திருப்ப முன்கூட்டியே செய்யும் பரிகாரத்துக்கு "யடயா" என்று பெயர். 45, 90-ஐ அந்தக் கண்ணால்தான் அந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ஆனால் அதே ஒன்பது பயணத்துக்கு ஆகாது: ஒன்பது பேராகக் கிளம்பினால் பத்தாவது ஆளாக ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "பர்மியருக்கு 9 அதிர்ஷ்ட எண்" என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள்.

மக்கள் பதிலுக்கு எடுத்த எண்ணையும் வையுங்கள். 8-8-88. 1988 ஜூலை 23-இல் நே வின் கட்சித் தலைமையை விட்டார். ஆகஸ்ட் 8-ஆம் தேதி பொது வேலைநிறுத்தத்துக்குத் தேதியை எதிர்ப்பாளர்கள்தான் குறித்தார்கள். அது எண்ணின் ராசிக்காகவும், வாய்க்கு வாய் சுலபமாகப் பரவும் என்பதாலும்தான் என்பார்கள். 2021-இல் 22-2-2021 அன்று ஐந்து இரண்டுகள் என்று சொல்லி வேலைநிறுத்தம் செய்ததும் அந்த வழிதான்.

பழையநோட்டு:

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். 90-இல் இருப்பது சாயா சான் படம் என்று தெரியும். இங்கே பார்க்க வருபவர்களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தார் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்லலாம்?

இரங்கூன்துறை:

அவசியம் சொல்ல வேண்டிய இடம் அது. எண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு.

சாயா சான் 1930 டிசம்பரில் தராவடி பகுதியில் வரியாலும் கடனாலும் நொந்த விவசாயிகளைத் திரட்டி எழுந்தவர். வைத்தியமும் சோதிடமும் தெரிந்தவர். 1931 நவம்பரில் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். அந்தக் கடனில் பெரும்பகுதி கொடுத்தது நம் நகரத்தார் கடைகள். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் நிலம் கைமாறியது: கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம். 45-இல் இருப்பவர் தகின் போ லா ஜி, 1938 எண்ணெய் வயல் தொழிலாளர் போராட்டத் தலைவர்.

திரும்பி வந்தவர்களை நேராகத் தொட்டது 1987 அல்ல, 1964. 1963, 64-இல் வங்கிகளையும் கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டது, மே 17-இல் 50, 100 செல்லாமல் போனது, பிறகு கப்பல். சென்னை பர்மா பஜாரும் பர்மா காலனிகளும் அதற்குப் பிறகு வந்தவை. அன்றைய 50 அல்லது 100 கியாட் ஒன்று கிடைத்தால் தட்டியின் முதல் இடத்தில் வையுங்கள். அதில் ஒன்பதும் இல்லை, ராசியும் இல்லை. ஆனால் அவர்கள் நின்று பார்ப்பது அந்த நோட்டின் முன்னால்தான்.

தட்டியில் 75-க்கும் 45-க்கும் நடுவில் ஒரு நோட்டு அகலம் காலியாக விட்டு, "5-9-1987" என்று மட்டும் எழுதுங்கள். நோட்டுகளில் ஆண்டு அச்சாகியிருக்காது. எனவே வெளியீட்டு நாளை அட்டையில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கணக்குவாத்தியார்:

ஒன்று விட்டுப்போச்சு. சாதாரண பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள். புழுக்கத்தில் அதிலிருந்து எண்ணெய்ப்பசை கசிந்து நோட்டில் ஒட்டும், பிறகு பிரிக்கும்போது மசி உறையோடு வந்துவிடும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள். மடிப்பை எடுக்க இஸ்திரி போடவோ, தண்ணீரில் நனைக்கவோ வேண்டாம்; இழை ஊதிப்போய், நோட்டு தன் விறைப்பை இழக்கும். குண்டூசித் துளை இருந்தால் இருக்கட்டும். அடைத்தால் மதிப்பு இன்னும் குறையும்.