ஆறு மாதப் பையன், கேழ்வரகுக் கூழ், தீராத எதுக்களிப்பு

மகனுக்கு 6 மாதம் முடிந்து 18 நாள் ஆகிறது. பிறந்ததிலிருந்தே பால் கக்குவான். ஏப்பம் விட வைத்து அரை மணி நேரம் தோளிலேயே போட்டிருந்தாலும், கீழே விட்டதும் கடைவாயில் தயிர்போல வழியும். பச்சையாகவோ ரத்தமாகவோ வந்ததில்லை. எடை ஏறுகிறது, திட உணவு ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் கேழ்வரகுக் கூழ். ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சியதுதான். 3 ஸ்பூன் சமர்த்தாகச் சாப்பிட்டான். மடியில் நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். 20 நிமிடத்தில் முதுகை வில்லாக வளைத்து அழுது, அத்தனையும் என் நைட்டியில். கறை இன்னும் போகவில்லை. அப்புறம் அரிசி, பாசிப்பருப்புக் கஞ்சி கொடுத்தேன். பரவாயில்லை, பாதி தங்குகிறது.

மாமியார் கூழை இன்னும் தண்ணியாக்கச் சொல்கிறார். கெட்டியாக இருந்தால்தான் மேலே வராது என்பது என் எண்ணம். வசம்பு உரசிக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம்; அந்தச் சண்டை ஏற்கெனவே வீட்டில் ஓடுகிறது.

இப்படிக் கக்கும் பிள்ளையை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: பால் கொடுத்து எவ்வளவு நேரம் கழித்துக் கஞ்சி கொடுத்தீர்கள்? எது முதலில் வயிற்றில் தங்கியது? கேழ்வரகை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஏழாம் மாதம் முடிந்ததும் மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா?