1988 எஃப்.ஏ. கோப்பை இன்று எந்த அணியின் கணக்கில் சேரும்?

பந்துப்பித்தன்:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை இதுவரை வென்ற அணிகளின் பட்டியலைத் தமிழில் தொகுத்து வருகிறேன். ஆண்டு, வென்ற அணி, தோற்ற அணி, கோல் கணக்கு என்று நிரப்பிக்கொண்டே வந்து, 'அந்த அணியின் இன்றைய நிலை' என்ற கடைசிக் கட்டத்தில் 1988-ஆம் ஆண்டுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறேன். அவ்வாண்டு லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது தென்மேற்கு லண்டனின் விம்பிள்டன் அணி என்பதில் ஐயமில்லை. அந்த அணிதான் மில்டன் கீன்ஸ் நகருக்குச் சென்று 2004-இல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாறியது என ஓரிடத்திலும், ரசிகர்கள் 2002-இல் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டனே அதன் தொடர்ச்சி என வேறோரிடத்திலும் படித்தேன். இரண்டு அணிகளும் இன்றும் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒரே கோப்பையை இருவர் பெயரிலும் எழுத முடியாது அல்லவா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

தெற்குவாசல்:

பெயர் மாற்றத்தில் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும் என்பதால், கழகம் வளர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1889-இல் விம்பிள்டன் ஓல்டு சென்ட்ரல்ஸ் என்ற பெயரில், ஊர்ப் பொதுத்திடலில் ஆடத் தொடங்கிய அணி அது. 1912-இல் ப்ளௌ லேன் மைதானத்துக்குக் குடிபுகுந்தது. 1963-இல் அமெச்சூர் கோப்பையை வென்றபோது, இறுதியாட்டத்தில் எட்டி ரெனால்ட்ஸ் அடித்த நான்கு கோல்களுமே தலையால் முட்டியவை. மறு ஆண்டு அது தொழில்முறை அணியானது.

ஊருக்கு வெளியே அதன் பெயர் பரவியது 1975-இல்தான். நாட்டின் நான்கு தொழில்முறை டிவிஷன்கள் அடங்கிய கால்பந்து லீக்கிலேயே இடம்பெறாத விம்பிள்டன், எஃப்.ஏ. கோப்பையில் மிக உயர்ந்த முதல் டிவிஷன் அணியான பர்ன்லியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்றது. அடுத்த சுற்றில் நடப்புச் சாம்பியன் லீட்ஸின் மைதானத்தில், பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் டிக்கி கை பிடித்துவிட, ஆட்டம் கோலின்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் 0-1 என்று தோற்றது வேறு விஷயம். அக்காலத்தில் லீக்கில் நுழைய வெற்றி மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ள கழகங்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1977-இல் வொர்க்கிங்டனை நீக்கிவிட்டு விம்பிள்டனைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஒன்பதே ஆண்டுகளில், 1986-இல், அது நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது.

1988 மே 14 அன்று லண்டனின் வெம்பிளி மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தைப் பலரும் அறிவர் என்றாலும் ஒரு காட்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டென்னிஸ் வைஸ் அடித்த ஃப்ரீ கிக்கை லாரி சான்செஸ் தலையால் முட்டிக் கோலாக்கியிருந்தார். இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜான் ஆல்டிரிட்ஜ் உதைப்பதற்கு முன் சற்றுத் தயங்கி, கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு உதைக்கும் பழக்கமுள்ளவர். டேவ் பீசன்ட் அசையாமல் காத்திருந்து, கடைசி நொடியில் தம் இடப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்களில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அதுவே. அணித்தலைவரும் அவர்தான் என்பதால் கோப்பையை வாங்கியதும் அவரே.

கணக்கர்:

தெற்குவாசல் அவர்கள் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. எனினும் உணர்ச்சியை விலக்கி ஏடுகளை மட்டும் பார்த்தால் விடை எம்.கே. டான்ஸ் என்றே வரும் எனக் கருதுகிறேன். 1977-இல் லீக்கில் கிடைத்த அந்த இடம் கைமாறிச் சென்றது மில்டன் கீன்ஸுக்குத்தான். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களும் அவ்வாறே சென்றன. ஏ.எஃப்.சி. விம்பிள்டனோ புதிதாகப் பதிவுசெய்யப்பட்டு, கவுண்டி அளவிலான லீக்கில் அடியிலிருந்து தொடங்கியது.

ஊர் மாறினால் வரலாறு போய்விடும் என்றால் ஆர்சனல் என்ன ஆவது? 1886-இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணியை, 1913-இல் ஹென்றி நாரிஸ் தேம்ஸ் நதிக்கு வடக்கே ஹைபரிக்குக் கொண்டுபோனார். அருகிலிருந்த டோட்டன்ஹாம் கடுமையாக எதிர்த்தது. மறு ஆண்டு பெயரிலிருந்த 'வுல்விச்' என்ற சொல்லையும் உதறினார்கள். அதற்காக யாரும் இன்று ஆர்சனலின் பிறப்பை 1913 என்று எழுதுவதில்லை.

புல்தரை:

கணக்கர் ஐயாவின் ஆர்சனல் உதாரணம் வலுவானதுதான். ஆனால் ஆர்சனல் லண்டனுக்குள்ளேயே இடம் மாறியது. வுல்விச்சில் அதற்கு எதிராக இன்னோர் ஆர்சனலைத் தொடங்கி, அதை லீக் வரை கொண்டுவந்தவர்கள் எவரும் இல்லை. விம்பிள்டன் கதையில் நிகழ்ந்தது அதுதான்.

ரசிகர்கள் நெரிசலில் மாண்ட 1989 ஹில்ஸ்பரோ மைதானப் பேரிடருக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை, உயர் டிவிஷன் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. ப்ளௌ லேனை அப்படி மாற்ற இயலாது என்று சொல்லி, 1991-இல் அணியை கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக் குடியாகக் கூட்டிச் சென்றார்கள். பழைய மைதானம் பின்னர் ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாடகை வீட்டில் இருப்பவரை எங்கு வேண்டுமானாலும் குடிபெயர்க்கலாம் என்ற எண்ணம் உரிமையாளர்களுக்கு வர அதுவே வழிவகுத்தது என்பது என் கருத்து. 2000 மே 14 அன்று, கோப்பை வென்ற நாளிலிருந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சவுத்தாம்ப்டனிடம் தோற்று, அப்போதைய மிக உயர்ந்த பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கினார்கள்.

ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸுக்குப் போக அனுமதி கேட்ட விண்ணப்பத்தை லீக் முதலில் மறுத்தது. பின்னர் விவகாரம் எஃப்.ஏ. அமைத்த மூவர் குழுவிடம் சென்று, 2002 மே 28 அன்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அடுத்த சில வாரங்களிலேயே தங்களுக்கென ஒரு கழகத்தைப் பதிவுசெய்து, 1889-இல் பழைய அணி ஆடத் தொடங்கிய அதே பொதுத்திடலில் தேர்வு ஆட்டம் வைத்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கினார்கள். 2003 பிப்ரவரி தொடங்கி 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் அந்த அணி தோற்கவே இல்லை. 2011-இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று கால்பந்து லீக்குக்குள் வந்தது. இதற்கும் ஒன்பது ஆண்டுகளே பிடித்தன. 1975-இல் லோரிமரின் பெனால்டியைப் பிடித்த டிக்கி கை, இந்தப் புதிய கழகத்தின் தலைவராகவும் இருந்தவர்.

ஆனாலும் தங்கள் கேள்விக்கு விடை தருவது இவை எதுவும் அல்ல. ரசிகர் கூட்டமைப்புடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2007 ஆகஸ்டில் எம்.கே. டான்ஸ் தன்னிடமிருந்த எஃப்.ஏ. கோப்பையின் நகலையும் பிற நினைவுப் பொருட்களையும் விம்பிள்டன் அடங்கிய மெர்டன் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டது. தன் வரலாறு 2004-இல்தான் தொடங்குகிறது என்பது இன்று அக்கழகத்தின் நிலைப்பாடு. வாரிசு என்று தாங்கள் ஐயப்படுபவரே பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, நாம் அவர் பெயரில் எழுதுவது பொருந்தாது.

கணக்கர்:

2007 ஒப்படைப்பைப் பற்றிப் புல்தரை சொல்வது சரியே. எம்.கே. டான்ஸையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இங்கிலாந்து ஆட்டக்காரர் டெலி அல்லி அந்த ஊரிலேயே பிறந்து அந்த அணியில் வளர்ந்தவர். 2014-இல் லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தவர்கள் அவர்கள். அது அவர்கள் தாங்களே சம்பாதித்தது.

பந்துப்பித்தன்:

மூவருக்கும் மிக்க நன்றி. வென்ற அணி என்ற கட்டத்தில் 'விம்பிள்டன்' என்று மட்டும் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் 'ஏ.எஃப்.சி. விம்பிள்டன் (2002) இவ்வரலாற்றுக்கு உரிமை கொண்டாடுகிறது. லீக்கில் இருந்த இடம் எம்.கே. டான்ஸுக்குச் (2004) சென்றது' என்று குறிப்பிட எண்ணுகிறேன். இன்னும் ஒன்று மட்டும் புரியவில்லை. 2002 முதல் 2004 வரை பழைய கழகம் ஆடிய இரு பருவங்கள் யாருடையவை?

புல்தரை:

அவற்றை விரும்பி ஏற்பவர் எவரும் இல்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அதே இரு பருவங்களில் வேறு லீக்கில் ஆடிக்கொண்டிருந்ததால், அவை அதன் கணக்கில் வாரா. எம்.கே. டான்ஸும் 2004-க்கு முந்தையதைத் தன்னுடையது என்பதில்லை. பழைய கழகம் 2003 ஜூனில் திவால் நிர்வாகத்தின் கீழ் வந்து, செப்டம்பரில் மில்டன் கீன்ஸின் ஹாக்கி மைதானத்துக்குப் போய், விம்பிள்டன் என்ற பெயரிலேயே ஆடி, 29 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்த பருவம் அதில் ஒன்று. தங்கள் பட்டியல் கோப்பைகளைப் பற்றியது என்பதால் அந்தப் பருவங்கள் அதில் இடம்பெற வேண்டிய தேவையே எழாது. தனிக் கட்டுரை எழுதினால், 1889 - 2004 என்று பழைய கழகத்துக்கே ஒரு பக்கம் ஒதுக்கி, அவற்றை அதன் கடைசிப் பத்தியில் வைத்துவிடுங்கள்.