கறுவாத்தோட்டத்தில் ஒரு கல்லின் முன்னால்: நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை மகள்:

பெரியம்மா கண் கிளினிக்குக்காக வவுனியாவில் இருந்து வந்திருந்தார். கிளினிக் முடிந்த மறுநாள் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொழும்பைச் சுற்றிக் காட்டுவது என்றால் எங்கள் வீட்டில் காலிமுகத்திடலும் கடைத்தெருவும்தான். எனக்கு எப்போதும் கறுவாத்தோட்டம். தேசிய நூதனசாலை, அதன் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை, கலாபவனம், தாமரைத் தடாகம் அரங்கு, விகாரமகாதேவி பூங்கா, பூங்காவைத் தாண்டினால் வெள்ளை வெளேரென்று நகர மண்டபம். எல்லாம் நடக்கிற தூரம். நிழல் மரங்கள் இருப்பதால் வயதானவர்களோடும் போகலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். முன்பு நானும் அப்படித்தான் ஓடினேன், வீட்டுக்கு வந்தால் கால் நோவைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தமுறை பெரியம்மாவின் நடைக்கு நடந்தேன். அதனால்தான் இதை எழுத எனக்கு விஷயம் கிடைத்தது.

நூதனசாலைக்குள் பொலன்னறுவைக் காலத்து வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அங்கே சிவாலயங்களைத் தோண்டியபோது கிடைத்தவை: நடராசர், சுந்தரர், மாணிக்கவாசகர், காரைக்கால் அம்மையார். பெரியம்மா காரைக்கால் அம்மையாரின் முன்னால் நின்றுவிட்டார். விலா எலும்பு தெரிகிற அந்த மெலிந்த உடம்பு, கையில் தாளம். பெரியம்மா மெதுவாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காவலுக்கு நின்ற சிங்களப் பெண் எழுந்து வந்தார். ஏசப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ தன் கதிரையை இழுத்துவந்து பக்கத்தில் போட்டார். பெரியம்மா உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்துத் தடவை அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறேன், அம்மையாரின் உதட்டில் சிரிப்பு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கல்.

காலி மும்மொழிக் கல்வெட்டு என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு. உச்சியில் இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது. அதில் உள்ள ஆண்டு 1409. 1911 இல் காலியில் ஒரு மதகின் மேல், எழுத்துப் பக்கம் கீழே பார்க்க, மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். எத்தனை வண்டி அதன் முதுகில் ஓடியிருக்கும் என்று யோசித்தால் மனம் பதறுகிறது.

பெரியம்மா கிட்டப் போய், தொடாமல், விரலைக் காற்றில் வைத்து ஓட்டினார். "பிள்ளை, இது எங்கட எழுத்தல்லோ? இந்தா க, இது ந." புள்ளி இல்லை, தேய்ந்தும் இருக்கிறது, ஆனாலும் அறுநூறு வருடத்துக்கு முந்திய எழுத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் பிடித்தார்.

அந்த நேரம் ஒரு சீன இளைஞர் வந்தார். படிக்கிற பிள்ளை போல, தோளில் பை. எங்களைக் கண்டு ஒதுங்கி நின்றவரைப் பெரியம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவருடைய விரல் மேலிருந்து கீழே இறங்கியது, எங்களுடையது இடமிருந்து வலம் போனது. தெரிந்த எழுத்துகளைக் கூட்டி, "தங்கம் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கை. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கு, அதாவது தேவேந்திரமுனைக் கோயில் தெய்வத்துக்கு. பாரசீகம் அல்லாஹ்வின் பெயரால். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெரியம்மா கேட்டுவிட்டு, "அப்ப ஒருத்தருக்கும் குறை வைக்கேல்லை" என்றார். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பிள்ளை கையைக் கூப்பினார். அவர் நாட்டில் அப்படிக் கும்பிடுவார்களோ, எங்களைப் பார்த்துச் செய்தாரோ, கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்து, புல்வெளியில் நிற்கிற பெரிய ஆலமரத்துக்குக் கீழே, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். தாமரைத் தடாகம் அரங்கும் சீன உதவியோடு கட்டி 2011 இல் திறந்ததுதான் என்று அந்தத் திசையைக் காட்டினேன். "அவையள் திரும்பவும் வந்திட்டினம்" என்றார். பூங்காவுக்கு அன்றைக்குப் போகவில்லை. போதும் என்று இருந்தது.

உங்களுக்கும் இப்படி யாராவது எதிர்ப்பட்டார்களா? எழுதுங்கள்.

* * *

தெமட்டகொடை வாசகர்:

தங்கச்சி, நீங்கள் இடியப்பம் சாப்பிட்ட ஆலமரத்தடியில் எங்கள் உம்மும்மா, அதாவது பாட்டி, எனக்குச் சொன்ன கதையை எழுதுகிறேன். ஆளுநர் கிரகரி காலத்தில், ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்க, அந்த வெள்ளை நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டி நிமிர்த்தியவர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார். 1877 சனவரி முதலாம் திகதி திறந்தார்கள். வேலையைப் பார்த்து மகிழ்ந்த ஆளுநர், என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம். காணி பூமி ஒன்றும் வேண்டாம், ஜும்ஆ நாளாகிய வெள்ளிக்கிழமையில் இந்த இடத்தைப் பூட்டி வையுங்கள், அது போதும் என்றாராம் மரிக்கார். கனகாலம் அப்படியே நடந்ததாம்.

உம்மும்மா இதைச் சொல்லும்போது தலைமுக்காட்டை ஒருதரம் சரிசெய்துகொள்வார், தானே போய்க் கேட்டு வாங்கிவந்தது மாதிரி. அதனால் நான் அந்தத் தூண்களைப் பார்க்கிறபோது உள்ளே இருக்கிற கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தை நினைப்பதில்லை. சுண்ணாம்பு பூசிய கைகளைத்தான் நினைப்பேன்.

போன விடுமுறையில் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனேன். மரத்தின் விழுதைப் பிடித்துக்கொண்டு நின்று இந்தக் கதையைச் சொன்னபோது, அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய ஆசிரியைக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும் போலிருக்கிறது. என்ன கதை என்று கேட்டார், சொன்னேன். அவர் வரிசையைத் திருப்பி, கட்டடத்தைப் பார்க்க வைத்து, முழுவதையும் சிங்களத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னார். மரிக்கார் என்ற பெயரை அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருதரம் சொன்னார்கள். உம்மும்மா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

* * *

மட்டக்களப்பு ஆசிரியர்:

பத்தாம் தரப் பிள்ளைகளை பஸ் பிடித்துக் கூட்டிவந்த அனுபவம் எனக்கு. விடிய முன்னம் புறப்பட்டு, வந்து சேரும்போதே பாதிப்பேருக்குக் களைப்பு. கண்டி மன்னர்களின் சிம்மாசனத்துக்கு முன்னால்தான் கொஞ்சம் விழித்தார்கள். ஒல்லாந்தர் 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. கைப்பிடி இரண்டும் சிங்கம், முதுகுச் சாய்வில் சூரியன். 1815 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபின் கப்பலேறி வின்ட்சர் கோட்டைக்குப் போய், 1934 இல்தான் திரும்பி வந்தது. கதிரை திரும்பியது, அதில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் திரும்பவில்லை, 1832 இல் வேலூரிலேயே இறந்துபோனார் என்று சொன்னேன். ஒரு பிள்ளை, "அவரை ஒருக்காவாவது ஊருக்கு விட்டிருக்கலாமே சேர்" என்றாள். நான் வகுப்பில் இருபது வருடம் இதைப் படிப்பிக்கிறேன், ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் வெளியே, கிரீன் பாத் என்று எல்லோரும் சொல்கிற ஆனந்த குமாரசுவாமி மாவத்தைக்குப் போனோம். நடைபாதை ஓரமாக ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிற இடம். தாமரையும் யானையும் மீன்பிடிப் படகுமாகத் தெரு முழுக்க வர்ணம். வயதான ஓவியர் ஒருவரிடம், இந்தத் தெருப் பெயர் யாருடையது தெரியுமா என்று பிள்ளைகளுக்காகத்தான் கேட்டேன். அவர் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து நின்று பதில் சொன்னார். குமாரசுவாமியின் பெயருள்ள தெருவில் படம் விற்பது தனக்குப் பாக்கியம் என்றார். தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர், நடராசர் சிலையின் பொருளை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், அமெரிக்காவில் பொஸ்டன் நூதனசாலையில் வேலை பார்த்து 1947 இல் அங்கேயே இறந்தவர் என்று நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லிவிட்டார். நான் சேர்த்தது ஒன்றுதான்: குமாரசுவாமி பிறந்ததும் 1877, நூதனசாலை திறந்த அதே வருடம். அவர் அதைக் கேட்டுத் தன் பையில் இருந்த சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகள் காசு சேர்த்து அவரிடம் ஒரு சின்னப் படம் வாங்கினார்கள், ஆலமரம். இப்போது வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே தொங்குகிறது.

* * *

வெள்ளவத்தை மகள்:

மரிக்கார் கதையையும் சேரின் ஓவியரையும் பெரியம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டையும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார்.

அவருக்கு அடுத்த கிளினிக் ஆடி மாதம். இந்தமுறை பேரனையும் கூட்டி வருகிறாராம். கல்லில் எத்தனை எழுத்துப் பிடிக்கிறான் பார்ப்போம் என்று இப்போதே அவனுக்குப் புள்ளியில்லாமல் எழுதிக் கொடுத்து வாசிக்கப் பழக்குகிறார். வாசிக்கத் திணறினால் அவனுக்கு அன்றைக்கு ஐஸ்கிரீம் கிடையாதாம். ஓவியரிடமும் போகவேண்டுமாம், காரைக்கால் அம்மையாரை வரைவாரா என்று கேட்க.